கறுப்புப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த பெயர்!

ஒரு பெயரின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்துவிட்டால் அது மறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கள் மாணவர் ஆய்விதழைப் பெரிய சிக்கலில் மாட்டியிருக்கும்.

உளவியலும் சட்டமும் சந்திக்கும் துறைக்கான சிறிய ஆய்விதழ் இது. மாணவர்களே எழுதி, மாணவர்களே எடிட் செய்கிறோம். துறை சுவாரசியமானது. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகத்தைக் கேட்டனர். கேள்வியில் "நொறுங்க மோதியபோது" என்று இருந்தால் சராசரி பதில் மணிக்கு 40.8 மைல். "தொட்டபோது" என்று இருந்தால் 31.8 மைல். ஒரே விபத்து, ஒரு சொல் மட்டும் வேறு! சாட்சியிடம் எப்படிக் கேட்கிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

எங்களுக்கு வந்த கட்டுரையும் இதைப் பற்றியதுதான். பாலியல் வழக்கு ஒன்றில் குழந்தை சாட்சியிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு மாணவி ஆராய்ந்திருந்தார். குழந்தையின் பெயரும் பள்ளியின் பெயரும் சில இடங்களில் இருந்தன. வேர்டில் இன்சர்ட் மெனு சென்று, ஷேப்ஸ் பிரிவில் செவ்வகம் எடுத்து, கறுப்பு நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். பி.டி.எப். ஆக்கி இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியும் விட்டேன்.

வெளியிடுவதற்கு முந்தைய நாள். புரூப் பார்த்த ஜூனியர் மாணவர் ஒரு பத்தியைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்தார். "அண்ணா, இதப் பாருங்க" என்றார். குழந்தையின் பெயர் பளிச்சென்று தெரிந்தது!

காரணம் எளிது. பெட்டி என்பது எழுத்தின் மேல் வைத்த ஒரு படம்தான். அடியில் உள்ள டெக்ஸ்ட் பைலில் அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனாஃபோர்ட்டின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பி.டி.எப்.பிலும் கறுப்பாக்கிய பகுதிகளைக் காப்பி செய்து பலரும் படித்துவிட்டார்கள்.

எங்கள் விஷயம் அதைவிடக் கவலைக்குரியது. போக்சோ சட்டம் 2012-ன் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இணையத்தில் ஏறிய பைலை நாம் நீக்கலாம். ஏற்கெனவே டவுன்லோட் செய்தவரின் கம்ப்யூட்டரில் இருந்து நீக்க முடியாது. அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளான பிறகும் அந்தக் காப்பி எங்காவது இருக்கும்.

வெளியீட்டை நிறுத்தினோம். மதிப்பீட்டாளர்கள் இருவருக்கும் உண்மையைச் சொல்லி, பைலை அழிக்கக் கேட்டுக்கொண்டோம். இருவரும் அழித்துவிட்டுப் பதில் எழுதினார்கள். இதழ் மூன்று வாரம் தாமதமாக வந்தது.

இப்போது நாங்கள் பின்பற்றும் வழிகள் இதோ. பயோடேட்டாவோ, வக்கீல் நோட்டீசோ, மருத்துவ ரிப்போர்ட்டோ அனுப்பும் உங்களுக்கும் இவை உதவும்.

1. மறைக்க வேண்டிய பெயரை மூடாதீர்கள்; அழியுங்கள். அந்த இடத்தில் "சாட்சி 1" என்று டைப் செய்யுங்கள். ஊர், தந்தையின் தொழில் போன்றவையும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். அவற்றையும் மாற்றுங்கள்.

2. கறுப்புப் பட்டை கட்டாயம் தேவையா? இலவச லிப்ரே ஆபீஸில், 6.3 வெர்ஷன் முதல், டூல்ஸ் மெனுவில் ரெடாக்ட் வசதி உண்டு. இது பக்கத்தையே படமாக மாற்றி பி.டி.எப். தருகிறது. அடியில் டெக்ஸ்ட் இருக்காது.

3. பி.டி.எப்.பைத் திறந்து கண்ட்ரோல் + ஏ, கண்ட்ரோல் + சி அழுத்தி, நோட்பேடில் பேஸ்ட் செய்து, பெயரைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

4. வேர்ட் பைலில் எழுதியவர் பெயரும் ஒளிந்திருக்கும். யார் எழுதியது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பது ஆய்விதழ்களின் வழக்கம். முதலில் ஒரு காப்பி எடுங்கள். டிராக் சேஞ்சஸ் திருத்தங்களை அக்செப்ட் செய்யுங்கள். பிறகு பைல், இன்போ, செக் பார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாகுமெண்ட் சென்று, கமெண்ட்டுகளையும் பெர்சனல் தகவல்களையும் ரிமூவ் செய்யுங்கள்.

5. கிராப் செய்த படத்தின் வெட்டிய பகுதியும் பைலுக்குள் இருக்கலாம். கம்ப்ரஸ் பிக்சர்ஸில் "டெலிட் கிராப்டு ஏரியாஸ்" டிக் செய்து ஓகே கொடுங்கள்.

சந்தேகமா? டாக்எக்ஸ் பைலின் காப்பி ஒன்றில் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டாக்பிராப்ஸ் போல்டரில் உள்ள கோர் என்னும் எக்ஸ்.எம்.எல். பைலை நோட்பேடில் திறந்தால், எழுதியவர் பெயரும், கடைசியாக சேவ் செய்தவர் பெயரும், தேதியும் வரிசையாக நிற்கும்.

நாங்கள் இதழ் நடத்தப் பயன்படுத்துவது ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாவற்றையும் இதிலேயே செய்யலாம். மதிப்பீட்டாளரின் திரையில் எழுதியவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் பைலுக்குள் இருப்பதைச் சுத்தம் செய்வது நம் வேலை.

இப்போது எங்கள் இதழில் ஒரு விதி உண்டு. பெயரை மறைத்தவர் அந்த பைலைச் சரிபார்க்கக் கூடாது. வேறொருவர்தான் பார்க்க வேண்டும். முதல் பொறுப்பு அந்த ஜூனியருக்கே. நீங்கள் பிறருக்கு அனுப்பிய பழைய பி.டி.எப். ஒன்றையும் இன்றே நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்களேன்.