மாரிக்கு முன் பழைய சைக்கிளின் பிறேமைப் பாருங்கள்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போன பலர் முதியவரையும் மூட்டையையும் சைக்கிளில்தான் ஏற்றிச் சென்றார்கள். ஊர் திரும்பிய பிறகும் பள்ளிக்கூடத்துக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் போக முதலில் தேவைப்படுவது அதுவே.

விட்டுப்போன சைக்கிள் பற்றைக்குள்ளோ இடிந்த சுவரடியிலோ கிடந்தால் இழுத்தெடுக்க வேண்டாம். அடியில் வெடிபொருள் இருக்கலாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்த பின்பே தொடுங்கள். பழைய இரும்பு பொறுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கைக்கு வந்த சைக்கிளில் ரயரும் ரியூப்பும் பிறகு பார்க்கலாம். முதலில் பிறேம். ஹாண்டில் கழுத்துக்குக் கீழே, பெடல் அச்சு இருக்கும் மூட்டில், சீற்றடியில் பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அங்கே இரும்பும் வெடித்திருக்கக்கூடும். கறளைச் சுரண்டிவிட்டு ஆணி முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் உக்கிவிட்டது. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். வளைவைக் கண்டுபிடிக்க ஈர மணலில் நேராக உருட்டிப் பாருங்கள். பின்சில்லின் தடம் முன்சில்லின் தடத்தின் மேலேயே விழ வேண்டும்.

சிறு வெடிப்பை ஒட்டலாம். ஆனால் கேற் ஒட்டுகிற கரண்ட் வெல்டிங் இதற்குச் சரிவராது. குழாயின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். பொசுங்கி ஓட்டையாகும், அல்லது ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். காஸில் பித்தளை ஒட்டுக் கேளுங்கள். பித்தளை 900 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும், இரும்புக்கு 1500 அளவு வேண்டும். அதனால் குழாய் உருகாமல் மூட்டு பிடிக்கும். பழைய சைக்கிள்கள் பல தொழிற்சாலையிலும் இப்படித்தான் பொருத்தப்பட்டவை. முன் போர்க் வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள். அது ஓட்டத்தில் முறிந்தால் ஆள் முகங்குப்புற விழுவார்.

ஒட்டிய இடத்தை அன்றே சுரண்டி, அன்ரிகொரசிவ் பூசி, மேலே பெயின்ற் அடியுங்கள். மாரியில் தண்ணீர் சீற்றுக் குழாயால் இறங்கி அடியில் தேங்கும். கறள் உள்ளிருந்துதான் தொடங்கும். சீற்றைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துக் காயவிட்டு, பழைய எஞ்சின் ஒயில் சிறிது ஊற்றி எல்லாப் பக்கமும் சரியுங்கள். வெள்ளத்துக்குள்ளால் ஓடி வந்த நாட்களில் இரவு கவிழ்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒட்டிய பிறகு ஒரு கிழமைக்குத் தனியாக ஓடுங்கள். ஒட்டைத் தினமும் பார்த்து, மயிர்க்கோடு எதுவும் தெரியாவிட்டால் மட்டும் பிள்ளையைப் பாரில் ஏற்றுங்கள்.