கத்திக்கு மலாய்ப் பெயர், கேடயத்துக்குத் தமிழ்ப் பெயர்

நம் கடப்பிதழின் அட்டையில் உள்ள தேசியச் சின்னத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கேடயம். அதன் மேல்பகுதியில் ஐந்து கெரிஸ்கள். ஜோகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு ஆகிய மாநிலங்களை அவை குறிக்கின்றன என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பெயருக்கும் ஒரு பயணம் உண்டு.

மலாயிலும் ஜாவானிய மொழியிலும் அது ‘கெரிஸ்’. ஆனால், ஜாவானியர் மரியாதையாகப் பேசும்போது ‘துவுங்’ என்று வேறு சொல்லையே பயன்படுத்துவார்கள். தாய்லாந்தில் அது ‘கிரித்’. அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலிக்காது. ஆங்கிலேயர் ‘கிரிஸ்’ என்றும் ‘கிரீஸ்’ என்றும் எழுதினார்கள். தமிழில் ‘கெரிஸ்’ என்று எழுதினாலும் மலாயின் அந்த மங்கலான எகரத்துக்கு நம்மிடம் தனி எழுத்து இல்லை.

இனிக் கேடயத்துக்கு வருவோம். மலாயில் அது ‘பெரிசாய்’. தமிழின் ‘பரிசை’ என்ற சொல்லிலிருந்து சென்றது. பழைய தமிழ் அகராதியில் பரிசை என்றால் கேடயம். நாம் பேச்சில் மறந்துவிட்ட சொல்லை மலாய்மொழி இன்றும் வைத்திருக்கிறது. ஆகவே, அந்தச் சின்னத்தில் கத்தியின் பெயர் அவர்களுடையது, கேடயத்தின் பெயர் நம்முடையது.

பல்கலைக்கழகத்தில் ஒரு சக மாணவர் என்னிடம், “தமிழ் இங்கே ரப்பர் தோட்டத்தோடு வந்ததுதானே?” என்று கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோதே அங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் சரக்கோடு சொற்களும் கைமாறின. கப்பல் ‘காப்பால்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் தினமும் கடந்துபோகும் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘கெடாய்’, நம் ‘கடை’தான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாயை எஸ்பிஎம் தேர்வுக்கான பாடமாக மட்டுமே பார்த்தேன். இப்போது ஒவ்வொரு மலாய்ச் சொல்லும் ‘நான் உன் வீட்டுச் சொல்லோ?’ என்று கேட்பதுபோல் இருக்கிறது. நண்பர்களே, நீங்களும் மலாய் அகராதியையும் தமிழ் அகராதியையும் பக்கத்தில் வைத்துத் தேடிப் பாருங்கள். ‘தீராய்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். உங்கள் வீட்டு சன்னலில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.