இரண்டரை ஏக்கருக்கு எத்தனை குதிரை?

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் டிராக்டர் ஷோரூம் வாசலில் நிற்க இடம் இருக்காது. வரிசையாக நிற்கும் புது வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள, பழம் நசுங்கி வண்டி ஊர் பார்த்துக் கிளம்பும். சில வீடுகளில் சிக்கல் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறது. பாகம் பிரித்ததில் கிடைத்த ஒற்றையடித் தடத்தில் வண்டி திரும்ப மறுக்கும். தென்னைக்கு இடையில் போட்ட வாழையில் நுழையாது. ரோட்டவேட்டரை மாட்டிக் கிணற்றோரம் போனால் பின்சக்கரம் வரப்பை இடித்துத் தள்ளும்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பு. ஏக்கரில் சொன்னால் ஒரு ஏக்கர் 85 சென்ட். அதுவும் ஒரே துண்டாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த நிலத்துக்கு 45, 50 ஹெச்.பி. வண்டி வாங்குவதை மட்டமாகப் பேசுவது சுலபம். ஆனால் வாங்குகிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. மழை பெய்து மண் பதத்துக்கு வரும் அந்த இரண்டு மூன்று நாளில் ஊரே ஒரே வாடகை வண்டிக்குப் போன் போடும். பெரிய தோட்டக்காரர் காட்டை முடித்துவிட்டு வண்டி நம் பக்கம் வருவதற்குள் ஈரம் காய்ந்திருக்கும். அந்த எரிச்சலில் கடன் போட்டு வண்டி எடுத்தவர்கள்தான் அநேகம் பேர்.

எரிச்சல் நியாயம்தான். அதற்காகக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது.

இரண்டரை ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு போகத்துக்குக் கல்டிவேட்டரில் இரண்டு ஓட்டு, ரோட்டவேட்டரில் ஒரு ஓட்டு, பார் பிடிப்பது என்று ஏக்கருக்கு நாலு மணி நேர வேலை. இரண்டு போகத்துக்கும் சேர்த்து 20 மணி நேரம். எரு அடிக்க, விளைந்ததை ஏற்றிப்போக இன்னும் பத்து மணி நேரம். ஆக வருஷத்துக்கு 30. ஏழு லட்சம் ரூபாய் வண்டிக்குப் பத்து சதவீதம் வட்டி என்றால் முதல் வருஷ வட்டி மட்டும் 70,000. வண்டியின் மதிப்பில் குறைவது 50,000 என்று வைத்தாலும் 1,20,000 ரூபாய். இதை 30 மணி நேரத்தால் வகுத்தால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஒரு மணி நேர உழவுக்கு 4,000 ரூபாய் ஆகிறது. வாடகைக்காரர் டீசலோடும் டிரைவரோடும் 1,200 ரூபாய்க்கு ஓட்டித் தருகிற ஊரில் இது என்ன கணக்கு?

இதே கணக்கை 150 மணி நேரத்துக்குப் போட்டால் படம் மாறுகிறது. மணிக்கு 800 ரூபாய், டீசலுக்கு ஒரு 400, தானே ஓட்டினால் டிரைவர் கூலி மிச்சம். வாடகையும் சொந்த வண்டியும் அங்கே சரிசமமாகின்றன. ஆகவே ஷோரூம் படியேறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வருஷத்தில் எத்தனை மணி நேரம் வண்டி ஓடும் என்பதுதான். எத்தனை ஏக்கர், எத்தனை ஹெச்.பி. என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அக்கம்பக்கத்துக் காட்டுக்கு ஓட்டித் தர மனமும் ஆளும் இருந்தால் ஒரு கணக்கு. சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் வேறு கணக்கு.

வாடகை வழியையும் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் குறைந்த வாடகைக்குத் தருகிறது. 'உழவன்' செயலியில் பதிந்துகொள்ளலாம். 2020 ஊரடங்கின்போது சென்னையின் டாஃபே நிறுவனம் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகவே டிராக்டர் உழவு செய்து கொடுத்தது. 2017-18இல் தமிழக அரசு ஆரம்பித்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்குக் கருவிகள் வாங்க ஐந்து லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் யார் காட்டுக்கு முதலில் என்ற பேச்சு வரும். கூட்டாக வாங்கிய அண்ணன் தம்பிக்குள்ளேயே அது வரும்போது, நூறு பேருக்குள் வராதா?

சரி, மணிக்கணக்கு தேறுகிறது, வாங்கத்தான் போகிறோம் என்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது? ஒரு டேப்பிலிருந்து. கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் போதும். தோட்டத்துப் படலின் அகலம், தடத்தின் அகலம், வண்டியை நிறுத்தப்போகும் சாளையின் உயரம், பயிரின் இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் 25 அடி இடைவெளியில் நட்டு வளர்ந்த தென்னந்தோப்பில் பெரிய வண்டியே தாராளமாகப் போகும். பாத்திகளை விட்டு, தரையில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்து ஓட்டினால் சரி. அதே தோப்பில் ஊடுபயிராக ஆறடிக்கு ஆறடி வாழை நட்டால், மூன்று மூன்றரை அடி அகல மினி டிராக்டர்தான் நுழையும். வாழை இலை விரிந்த பிறகு அதற்கும் வழியில்லை. நடந்தபடியே பிடித்து ஓட்டும் பவர் வீடர்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் அகலத்தோடு உயரமும் ஒரு பிரச்சினை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே பந்தலில்தான் படர்கிறது. ஆள் கையைத் தூக்கினால் குலை எட்டும். அந்தப் பந்தலுக்கடியில் நிமிர்ந்த புகைக்குழாயோடு ஒரு வண்டி போனால் கொடியும் அறுபடும், காயும் கருகும். தோட்டங்களுக்கென்று செய்த குட்டி வண்டிகளில் புகைக்குழாயை மடக்கிப் பக்கவாட்டிலோ கீழேயோ விட்டிருப்பது இதற்காகத்தான். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்டாவின் கதையே வேறு. அங்கே கேள்வி எடை. 45 ஹெச்.பி. வண்டி ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். 15 ஹெச்.பி. மினி டிராக்டர் ஒரு டன்னைத் தொடாது. நடவு வயலில் சேற்றுக்கடியில் ஒரு கெட்டி அடுக்கு இருக்கிறதே, அதுதான் தண்ணீரை நிறுத்துகிறது, வண்டியையும் தாங்குகிறது. கேஜ் வீல் போட்ட கனத்த வண்டி வருஷா வருஷம் உழப்பினால் அந்த அடுக்கு அங்கங்கே உடையும். பிறகு அதே இடத்தில் வண்டி புதையும், இன்னொரு வண்டி வந்து இழுக்க வேண்டும். சின்ன வயலுக்குப் பவர் டில்லர் இன்னும் மவுசு குறையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி., கேரளத்தில் அத்தாணியில் 1973இல் அரசு தொடங்கிய காம்கோ ஆகிய டில்லர் நிறுவனங்கள் இரண்டும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு வந்தவைதான். ஜப்பானியரின் வயலும் துண்டு வயல்தானே. டில்லரின் குறை ஒன்றே ஒன்று. அதன் பின்னால் நாளெல்லாம் சேற்றில் நடக்கிற ஆள் இன்று கிடைப்பதில்லை.

இனி அந்தக் குதிரைக்கணக்கு. ஷோரூமில் தவறாமல் ஒரு வசனம் கேட்கும்: "அண்ணா, இன்னும் அம்பதாயிரம் போட்டா அடுத்த மாடலே வந்துருமுங்க." அடுத்த மாடலில் கூடும் ஐந்து ஹெச்.பி. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரியின் குழு தென் துருவத்தைத் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தது ஃபெர்குசன் டிராக்டர்களில். பனிக்காக டயர் மேல் சங்கிலிப் பட்டை மாட்டியிருந்தார்கள். மற்றபடி அது இங்கிலாந்துச் சிறு பண்ணைகளுக்காகச் செய்த, முப்பது ஹெச்.பி.யைக்கூடத் தொடாத சாதாரண வண்டி.

அந்தச் சின்ன வண்டிக்குத் தெம்பு கொடுத்தது ஹாரி ஃபெர்குசன் என்ற ஐரிஷ்காரரின் யோசனை. அதற்கு முன்பெல்லாம் கலப்பையை மாட்டு வண்டி போலப் பின்னால் கட்டி இழுத்தார்கள். சக்கரம் பிடித்து இழுக்க வேண்டுமானால் டிராக்டர் கனமாக இருந்தாக வேண்டும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும்படி செய்தார். மண் கலப்பையை அழுத்தும் விசையே பின்சக்கரத்தை நிலத்தோடு அமுக்கியது. கனமில்லாத வண்டியும் ஆழ உழுதது. நம்மூரில் 'லிஃப்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதுதான். டாஃபே செய்யும் மேஸி ஃபெர்குசன் வண்டியின் பேரில் பாதி அவருடையது.

ஆகவே ஹெச்.பி.யைத் தேர்ந்தெடுப்பது வண்டி அல்ல, பின்னால் மாட்டும் கருவி. நமக்கு அதிகம் வேண்டியது மூன்றடி ரோட்டவேட்டர் என்றால் இருபதை ஒட்டிய ஹெச்.பி. போதும். ஐந்தடிக்கு நாற்பதை ஒட்டி வேண்டும். ஒன்பது கொக்கிக் கல்டிவேட்டருக்கும் சட்டிக் கலப்பைக்கும் பெரிய வண்டிதான் சரி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரோட்டவேட்டரின் அகலம் பின்டயர்களின் வெளி அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், பொலபொலவென்று உழுத காட்டில் டயர் தடம் மட்டும் கெட்டியாக இரண்டு கோடு போட்டு நிற்கும்.

விளம்பரத்தில் போடுவது எஞ்சின் ஹெச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. என்கிற பின் தண்டு. எஞ்சினின் சக்தியில் சுமார் 85 சதவீதம்தான் அங்கே வந்து சேரும். அது எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறது என்பதையெல்லாம் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் வண்டி வண்டியாகச் சோதித்து அறிக்கை தருகிறது. விற்பனையாளரின் வண்ணக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த அறிக்கையைக் கேட்பது நல்லது. இன்னொரு வேடிக்கை: சந்தையில் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே நாற்பத்தொன்பது சொச்சத்தில் நிற்கும் மாடல்களைப் பார்க்கலாம். 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்கேற்ற எஞ்சினுக்கு விலை கூடும். மண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

4 வீல் டிரைவ் வேண்டுமா? சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிறவருக்கு வேண்டும், குட்டி வண்டிக்கு இன்னும் வேண்டும். எடை குறைந்த வண்டி முன்சக்கரத்தாலும் இழுத்தால்தான் வழுக்காது. மேட்டாங்காட்டுக் கரிசலில் கோடை உழவு மட்டும் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். முன் அச்சின் சீல் வழியே சேறு ஏறினால் வரும் செலவும் மிச்சம்.

டிரெய்லர் விஷயத்தில் மட்டும் மினி டிராக்டர்காரர் அடக்கி வாசிக்க வேண்டும். உழவில் வண்டி இழுக்கிறது, இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளுகிறது. முக்கால் டன் வண்டிக்குப் பின்னால் இரண்டு டன் எருவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சரிவில் இறங்கினால் பிரேக் பிடித்தும் பயனில்லை. டிரெய்லருக்குத் தனியாகப் பதிவும் காப்பீடும் வேண்டும் என்பதும் பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரிய வருகிறது.

விலையில் அண்மையில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைந்தது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. ஒவ்வொரு ரகத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால் முழு விலையில் பாதி வந்துவிடும் என்று எண்ணிக் கடன் போடக் கூடாது. மானியம் கிடைக்கிறதே என்று தேவையில்லாததை வாங்குவதும் ஒரு வியாதி.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால் பழைய வண்டி இருக்கவே இருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குள் அந்த வண்டியைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் இருக்கிறாரா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அவரையே கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. மணி மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதை மாற்றிவிடலாம். மாற்ற மறக்கிற இடங்கள் சில உண்டு. கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, லிஃப்ட் கைகளில் பின் மாட்டும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா இல்லை முட்டை வடிவமாகிவிட்டதா, பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்துபோயிருக்கின்றனவா என்று பார்த்தால் வண்டியின் வயசு தெரிந்துவிடும். கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். அதற்குள் கருவி தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது. வண்டி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. வண்டி பார்க்கப் போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ராத்திரியெல்லாம் நின்ற வண்டி ஜில்லென்று இருக்க வேண்டும். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு நாள் விடிகாலையில், போன் பண்ணாமல் போகலாம்.