எம்.ஜி.பி. காரின் முன்சக்கர பேரிங்

எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் ஒவ்வொரு முன்சக்கரமும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. 1962 முதல் 1980 வரை தயாரான இந்த பிரிட்டிஷ் கார், இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையோடு சேர்த்தே நினைக்கப்படுவது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவாயின. அவற்றுள் கணிசமானவை இன்னும் ஓடுவதால், முன்சக்கர பேரிங் மாற்றுவது இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் நடைமுறை வேலைதான். கடினமான வேலையில்லை, ஆனால் வேறு பல கார்களில் பழகிய கை இங்கே தவறு செய்யக்கூடும்.

டேப்பர் ரோலர் பேரிங்கில் உருளைகள் ஒரு முனையில் சற்றுக் குறுகியிருக்கும். அவற்றின் சரிவுகளையும், அவை உருளும் உள்வளையம், வெளிவளையம் ஆகியவற்றின் சரிவுகளையும் கோடுகளாக நீட்டினால், எல்லாம் அச்சின் மேல் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அதனால்தான் உருளைகள் சறுக்காமல் உருள்கின்றன. காரின் எடையை மேலிருந்து தாங்குவதோடு, வளைவில் பக்கவாட்டிலிருந்து வரும் தள்ளலையும் இந்த அமைப்பு ஏற்கும். ஆனால் ஒரு திசைத் தள்ளலை மட்டுமே ஏற்கும் என்பதால், எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு பேரிங்குகள் தேவை. அமெரிக்காவில் குதிரைவண்டி கட்டிவந்த ஹென்றி டிம்கன் 1898-இல் இந்த வகைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது அச்சில் விழும் பக்கச்சுமைதான் அவர் தீர்க்க முயன்ற சிக்கல்.

கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் ஏறத்தாழ ஐந்து கோடி முறை சுற்றியிருக்கும். அத்தனை சுற்றிலும் உருளைகளின் அடியில் எஃகு அழுந்தி மீள்கிறது. காலப்போக்கில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்விரிசல் தோன்றி, ஒருநாள் சிறு செதிளாகப் பெயர்ந்துவிடும். உருளை பேரிங்கின் மேல் சுமை இரட்டிப்பானால் ஆயுள் பாதியாவதில்லை; பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இது நன்கு மசகிட்ட பேரிங்கின் கணக்கு. தண்ணீரும் மணலும் புகுந்தாலோ கிரீஸ் காய்ந்தாலோ இந்தக் கணக்குக்கே வேலையில்லை. பழைய கார்களின் பேரிங்குகளைப் பெரும்பாலும் கெடுப்பது ஓட்டத்தைவிட, ஓடாமல் நின்ற ஆண்டுகளில் பிடித்த துருதான்.

கெட்ட பேரிங் முதலில் சத்தத்தால் தெரியும். வேகத்தோடு கூடிக் குறையும் ஓர் இரைச்சல் அது. எஞ்சினின் சுழற்சியோடு மாறாது. இடப்பக்கம் திரும்பும்போது கார் வலப்பக்கம் சாய்ந்து, வலச் சக்கரத்தில் சுமை ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் சந்தேகம் வல பேரிங்கின் மேல். அடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய காரின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யில் முன்சக்கரம் கிங்பின்னில் திரும்புவதால், ஆட்டம் அதிலிருந்தும் வரலாம். இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க மறுபடி ஆட்டினால் உண்மை விளங்கும்: ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில்.

பிரிக்கும்போது சக்கரத்துக்கு அடுத்து பிரேக் காலிப்பர் வெளியே வரும். அதைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் சேதமாகும். பிறகு கிரீஸ் மூடி, ஸ்பிலிட் பின், நட்டு, வாஷர். கம்பிச் சக்கரம் பூட்டிய கார்களில் ஸ்பிலிட் பின்னை ஹப்பின் பக்கவாட்டுத் துளை வழியாகத்தான் எடுக்க முடியும். ஹப் டிஸ்க்கோடு சேர்ந்தே கழன்று வரும். வெளிப்பக்க பேரிங்குக்கும் ஸ்பேசர் என்னும் எஃகுக் குழாய்க்கும் நடுவில் காகிதம்போல் மெல்லிய ஷிம்கள் இருக்கும். அவை கிரீஸில் ஒட்டிக்கொண்டு தொலைந்துபோவது வழக்கம்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றக் கூடாது. மசகில்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல பேரிங்கும் கெடும். குழி, செதிள், சூட்டில் ஏறிய நீலநிறம், துருக்கோடு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மாற்றிவிட வேண்டும். ஹப்பில் இறுகியிருக்கும் வெளிவளையத்தை, பித்தளைக் கம்பியை மாறி மாறி எதிர்ப்புறங்களில் வைத்துத் தட்டி இறக்கலாம். அது நன்றாகத் தெரிந்தாலும் விட்டுவைத்துப் புது உருளைகளை அதில் ஓட்டுவது பிழை. பழைய தடத்தில் புது உருளை சரியாகப் படியாது.

வழக்கமான முறையில் டேப்பர் ரோலர் பேரிங்கின் இறுக்கத்தை நட்டுதான் முடிவு செய்யும்: சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முடுக்கி, பின்பு சற்றுத் தளர்த்தி, பின்னைப் போட்டால் முடிந்தது. எம்.ஜி.பி.யில் அப்படியில்லை. இரு உள்வளையங்களுக்கும் இடையே அந்த ஸ்பேசர் குழாய் இருக்கிறது. நட்டை முடுக்கும்போது உள்வளையங்கள், ஸ்பேசர், ஷிம் எல்லாம் சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலின் மேல் ஒரே தண்டாக இறுகிவிடுகின்றன. பேரிங்கின் தளர்வைத் தீர்மானிப்பவை ஷிம்கள். இறுக்கிப் பிடிப்பது மட்டுமே நட்டின் வேலை. ஸ்பேசர் இருப்பதால், வளைவில் ஸ்டப் ஆக்ஸில் மிகக் குறைவாகவே வளையும். உள்வளையமும் அதன் மேல் நழுவிச் சுற்றித் தேய்க்காது.

ஷிம் பொறுக்கும் தொல்லைக்காகச் சிலர் ஸ்பேசரையே எடுத்தெறிந்துவிட்டு, நட்டைக் கையளவு முடுக்கி ஓட்டுகிறார்கள். கார் ஓடத்தான் செய்யும். ஆனால் வேகமாகத் திருப்புவதற்கென்றே கட்டிய காரில், ஸ்டப் ஆக்ஸிலுக்கு வலுச்சேர்க்கும் பாகத்தைக் கழற்றுவது பொறுப்பான செயல் ஆகாது. ஆக்ஸில் நெளிந்தால் டிஸ்க்கும் சாய்ந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை மிதிக்கையில் பெடல் ஆழமாக இறங்கும்.

புது பேரிங்கைப் பொருத்தியதும், கிரீஸும் ஆயில் சீலும் இல்லாமல் ஒருமுறை கோத்து அளப்பது நல்லது. சீலின் உரசல் கையை ஏமாற்றும். முதலில் ஷிம் இல்லாமல், உருளைகள் பிடிக்கும்வரை முடுக்கி, வெளிவளையங்கள் அடிவரை அமர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். பிறகு தேவைக்கு மேலாகவே ஷிம்களை வைத்து நட்டை முறையாக இறுக்கி, ஹப்பை உள்ளும் புறமும் தள்ளி இழுத்து, டயல் கேஜில் தளர்வைப் படிக்க வேண்டும். இருக்க வேண்டிய தளர்வு 0.002 முதல் 0.004 அங்குலம்வரை, அதாவது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர். டயல் 0.013 அங்குலம் காட்டினால் 0.010 அங்குல ஷிம் ஒன்றை எடுத்துவிட்டால் போதும், 0.003 மிஞ்சும். இந்தத் தளர்வு சூட்டுக்காக விடப்படுவது. பிரேக்கின் வெப்பம் ஹப்பையும் பேரிங்கையும் விரியச் செய்யும்போது உருளைகள் நெரிபடாமல் காப்பது இதுதான்.

அளவு சரியானதும் மீண்டும் பிரித்து, உருளைகளின் இடுக்குகளில் கிரீஸை அழுத்திப் புகுத்தி, புதிய ஆயில் சீலோடு கோக்க வேண்டும். மூடிக்குள் கிரீஸை நிரப்பத் தேவையில்லை. சூடேறினால் அது பிதுங்கி வழியும். நட்டை 40 அடி-பவுண்டு முறுக்குவிசைக்கு முடுக்கி, ஸ்பிலிட் பின்னுக்கான துளை நேராகும்வரை மேலும் முடுக்கலாம், 70-ஐத் தாண்டாமல். துளைக்காக நட்டைத் தளர்த்தக் கூடாது; பழைய ஸ்பிலிட் பின்னை மறுபடி போடவும் கூடாது.

பின்சக்கரங்களில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. அங்கிருப்பது பால் பேரிங். தளர்வு சரிசெய்யும் வேலை கிடையாது. ஆனால் பிந்தைய கார்களின் பின் ஆக்ஸிலில் பேரிங் தண்டின் மேலேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், கழற்ற பிரஸ் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பழைய எம்.ஜி.பி. வாங்குபவர்கள் முன் ஹப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. உள்ளே ஸ்பேசர் இல்லையென்றால் அதையும் ஷிம்களையும் புதிதாக வாங்கிப் போட்ட பிறகே காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்; இரண்டும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.