கடைக் கடிதங்கள் கடையிலேயே இருக்கட்டும்

நமது தகப்பனார் காலத்துக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதம், லாரி ரசீது, கொள்முதல் பில் எல்லாவற்றையும் அதில் குத்தி வைப்பார்கள். வருடம் முடிந்ததும் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றுவார்கள். பாக்கித் தகராறு வந்தாலும், வரி அதிகாரி வந்தாலும் அந்தக் கட்டுதான் நமக்குச் சாட்சி.

இன்று கம்பெனியின் விலைப்பட்டியல், இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் மின்னஞ்சலில் வருகின்றன. ஆனால், "அந்தக் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டால், "பையன் பார்த்துக்கொள்கிறான்" என்றுதான் நம்மில் பலர் சொல்கிறோம்.

நாம் அறிந்த ஒரு மொத்த மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். கணக்கு எழுதிய தம்பி, கடைப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினார். அதற்குத் தன் செல்போன் எண்ணையே கொடுத்திருந்தார். பிறகு வேலையை விட்டுப் போனார், எண்ணையும் மாற்றிவிட்டார். ஒரு நாள் கடைக் கம்ப்யூட்டர் பழுதானது. புதியது வாங்கி உள்ளே நுழையப் பார்த்தால், ரகசிய எண் பழைய செல்போனுக்கே போகிறது. மூன்று வருட இன்வாய்ஸ்களும் முதலாளிக்கு எட்டாமல் போயின. சரக்கு அனுப்பியவர்களிடம் ஒவ்வொருவராகக் கெஞ்சி நகல் வாங்க வேண்டியதாயிற்று.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்தந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்கச் சொல்கிறது. "கடவுச்சொல் தெரியவில்லை" என்பது அங்கே செல்லுபடியாகாது.

தண்டர்பேர்ட் என்பது என்ன?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' நினைவிருக்கும். கடிதங்களை இறக்கி நம் கம்ப்யூட்டரிலேயே வைக்கும் மென்பொருள் அது. விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு அது நின்றுபோனது. பிறகு நாம் எல்லோரும் பிரவுசரைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டோம்.

அதே வேலையைச் செய்வதுதான் 'மொசில்லா தண்டர்பேர்ட்'. இதன் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கட்டணம் இல்லை. முப்பது நாள் கழித்துப் பணம் கேட்கும் ரகமும் அல்ல. பயன்படுத்துவோர் தரும் நன்கொடையில் நடக்கிறது. இது புதிய முகவரி எதையும் நம்மீது திணிப்பதில்லை. இப்போதுள்ள ஜிமெயில் முகவரியோ, சொந்தக் கடைப் பெயரிலுள்ள முகவரியோ அப்படியே இருக்கும்.

தொடங்கும் முறை

முதலில் மின்னஞ்சல் கணக்கின் செல்போன் எண்ணை முதலாளியின் எண்ணாக மாற்றுங்கள். சாவி நம் கைக்கு வராமல் பூட்டு வாங்கிப் பயனில்லை.

பிறகு 'தண்டர்பேர்ட் டாட் நெட்' என்ற முகவரியிலிருந்து மட்டும் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவித் திறந்ததும் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். ஜிமெயில் என்றால் கூகுளின் சொந்த ஜன்னல் திறக்கும். அதில் கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதி தரவேண்டும். சொந்தப் பெயரிலுள்ள முகவரி என்றால், பெரும்பாலும் சர்வர் விவரத்தை மென்பொருளே கண்டுபிடிக்கும். பிடிக்காவிட்டால், முகவரியை அமைத்துக் கொடுத்தவரிடம் உள்வரும் சர்வர், வெளிச்செல்லும் சர்வர் இரண்டின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

ஐமேப்பா, பாப்பா?

அடுத்து 'ஐமேப்' வேண்டுமா, 'பாப்' வேண்டுமா என்ற கேள்வி வரும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஐமேப் என்பது கிடங்கும் கடையும் ஒரே பேரேட்டைப் பார்ப்பது போன்றது. செல்போனில் படித்தால் கம்ப்யூட்டரிலும் படித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பாப் என்பது கிடங்கிலிருந்து சரக்கைக் கடைக்கு இறக்குவது போன்றது. கடிதம் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சர்வரில் நகல் இருக்குமா, எத்தனை நாள் இருக்கும் என்பது நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

செல்போனிலும் கடையிலும் பார்ப்பவர்களுக்கு ஐமேப்தான் ஏற்றது என்பது நமது கருத்து. ஆனால் ஒன்று: கம்ப்யூட்டரில் கடிதம் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சர்வரில் அழிந்தால் இங்கும் அழியும். இலவச ஜிமெயிலில் இடம் 15 ஜிபிதான். நிரம்பினால் புதுக் கடிதம் வராது. இடம் போதவில்லை என்று பையன் பழையதை அழித்தால் இன்வாய்ஸும் சேர்ந்து போகும்.

இதற்கு வழி இருக்கிறது. தண்டர்பேர்டின் இடப்பக்கத்தில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கும். அதுதான் நம் பரண். அதற்குள் வருடவாரியாக, 'கொள்முதல்', 'வங்கி', 'வரி' என்று பிரிவுகள் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கடிதத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'காப்பி டு' மூலம் அங்கே ஒரு நகல் போடுங்கள். மின்னஞ்சல் கணக்கே போனாலும் அந்த நகல் கடையில் இருக்கும்.

மாதம் ஒரு முறை

கம்ப்யூட்டரும் ஒரு நாள் பழுதாகும். ஆகவே மாதக் கடைசியில், 'ஹெல்ப்' பகுதியில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்து, 'புரொஃபைல் ஃபோல்டர்' இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுவதுமாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். அந்த டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். கடையில் வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் கணக்கு மிஞ்சும்.

கடைக் கம்ப்யூட்டரில் பலரும் உட்காருவார்கள். தண்டர்பேர்ட் கடவுச்சொற்களைச் சேமித்து வைப்பதால், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

பணம் அனுப்பும் முன்

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று, பழக்கமான கம்பெனியின் பெயரிலேயே கடிதம் வரலாம். அனுப்பியவரின் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மோசடிதான். முகவரி சரியாக இருந்தாலும், அவர்களுடைய மின்னஞ்சலையே யாராவது திருடியிருக்கலாம். ஆகவே அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, நம் டைரியில் உள்ள பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். இந்த விஷயத்தில் எந்த மென்பொருளும் நமக்காக யோசிக்காது.

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை. பையனைச் செய்யச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். கல்லாச் சாவியை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாத நாம், கடிதச் சாவியை மட்டும் ஏன் விடவேண்டும்?