மதிலில் விழுந்த ஓட்டை

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை மதிலின் ஓரிடத்தையே குறிவைத்து ஆங்கிலேயப் பீரங்கிகள் இடித்துவந்தன. ஆள் ஏறிப்போகும் அளவுக்குத் திறப்பு விழுந்ததும், பிற்பகலில் படை காவிரியைக் கடந்து உள்ளே பாய்ந்தது. முன்நடத்தியவர் டேவிட் பேர்ட். 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூர்ப் போரில் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிருந்தவர். அன்றைய சண்டையில் திப்பு சுல்தான் உயிரிழந்தார்.

பீரங்கி திறந்த அந்த வழிக்கு ஆங்கிலத்தில் ‘பிரீச்’ என்று பெயர். உடைத்தலைச் சொல்லும் ‘பிரேக்’குக்கு இது பங்காளி, இரண்டுக்கும் வேர் ஒன்றே. பழைய ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரு சொல் இருந்தது. பிற்பாடு பிரெஞ்சிலிருந்து வந்த ‘பிரெஷ்’ அதோடு கலந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் முன்பு ஜெர்மானிய மொழியிலிருந்து போனதுதான்.

போர்க்களத்தில் பிரீச்சில் முதலில் ஏறுபவன் வீரன். நீதிமன்றத்திலோ பிரீச் செய்தவன் குற்றவாளி. அங்கே உடைவது ஒப்பந்தம், பொது அமைதி, நம்பிக்கை. நம் செய்தித்தாள்கள் ‘நம்பிக்கை மோசடி’ என்று எழுதும் குற்றமும் ஆங்கிலச் சட்டநடையில் ஒரு பிரீச்தான். இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்களித்துப் பின்வாங்கியவர்மேல்கூட வழக்குப் போட முடிந்தது. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் பாவம், வேலையாள் வைப்பதைப் பற்றித்தான் பிக்விக் பேசுகிறார். வீட்டுக்காரம்மா அதைக் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கே போய்விடுகிறார். அத்தகைய வழக்குகளுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுகட்டியது.

திமிங்கிலம் கடலைப் பிளந்து மேலே துள்ளுவதற்கும் பிரீச் என்றே பெயர். இந்த ஒரு பிரீச்சை மட்டும் மக்கள் படகேறிப் போய், காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்று இந்தச் சொல் அதிகம் காதில் விழுவது ‘டேட்டா பிரீச்’ என்ற சேர்க்கையில். 2013இல் யாகூவுக்குள் நடந்த ஊடுருவலில் அதன் 300 கோடிக் கணக்குகளும் சிக்கியிருந்ததை அந்நிறுவனம் 2017இல்தான் ஒப்புக்கொண்டது. இங்கே கேள்வி, புகுந்தவனோடு நிற்பதில்லை. மதிலுக்குச் சொந்தக்காரரையும் நோக்கித் திரும்புகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். உடைப்பு நேர்ந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்காமல் இருந்தால், அதற்குத் தனியாக 200 கோடி வரை.