கண்ணாடிக் குப்பிக்குள் மை!

குட்டீஸ், ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விடுங்கள். மேல் முனையை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு வெளியே தூக்குங்கள். கீழ் முனை திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் கொட்டவில்லை! இப்போது விரலை எடுங்கள். சட்டென்று கொட்டிவிடும். காற்று உள்ளே நுழைந்தால்தான் தண்ணீர் கீழே இறங்கும்.

மைப் பேனாவுக்குள் நடப்பதும் இதுதான். ஆனால் பேனாவின் மேல்பக்கம் அடைத்திருக்கிறதே, காற்று எப்படிப் போகும்? நிப் பக்கமாகத்தான் போக வேண்டும்! நியூயார்க்கில் வாழ்ந்த லூயிஸ் வாட்டர்மேன் இதற்கு ஒரு வழி செய்து, 1884-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உங்கள் பேனா நிப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு கறுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் அவர் மெல்லிய கீறல்களைப் போட்டார். மை இறங்க இறங்க, காற்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. எழுத்தும் சீராக வந்தது.

சரி, மையை எப்படி நிரப்புவது? அந்தக் காலத்தில் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். விரலெல்லாம் மை! இன்னொரு தொல்லையும் உண்டு. பேனாவில் மை பாதியாகக் குறைந்ததும், மீதி இடத்தில் காற்று இருக்கும். கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். பேனா 'கக்குவது' இதனால்தான்.

அமெரிக்காவில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷீஃபர், 1908-ல் வேறொரு வழி கண்டார். பேனாவுக்குள் ஒரு ரப்பர் பை. வெளியே ஒரு குட்டி நெம்புகோல். நெம்புகோலைத் தூக்கினால் பை அமுங்கும். விட்டால் உப்பி, மையை உறிஞ்சிக்கொள்ளும். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் ரப்பர் நாளாக ஆக இறுகி, வெடித்து, பொடிந்துபோகும். தவிர, மைப் புட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

'மையை முன்கூட்டியே அடைத்து வைத்துவிட்டால் என்ன?' என்று யோசித்தது பிரான்சில் இருந்த ஜிஃப்-வாட்டர்மேன் நிறுவனம். 1927-ல் அது உருவாக்கியதுதான் கண்ணாடிக் கார்ட்ரிட்ஜ். மெலிந்த ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே மை, வாயில் ஒரு கார்க். அவ்வளவுதான்! தீர்ந்துபோனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். 1930-களில் இது கடைகளுக்கு வந்தது. (அமெரிக்காவின் ஈகிள் பென்சில் கம்பெனி, 1890 வாக்கிலேயே கண்ணாடிக் குழாய்ப் பேனா செய்து பார்த்தது. பாவம், அது நிலைக்கவில்லை.)

கீழே விழுந்தால் உடையுமே, போயும் போயும் கண்ணாடியா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! அன்றைய மைகள் பலவற்றில் அமிலம் இருந்தது. அது இரும்பை அரித்துவிடும். கண்ணாடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் பளிச்சென்று தெரியும். பேனாவுக்குள் போய்விட்டால் அதன் உடம்பே குழாய்க்குக் கவசம். பையில் போட்டுக்கொண்டு போகும் உபரிக் குழாய்களைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் வந்ததும் கண்ணாடிக்கு வேலை போயிற்று. 1953-ல் வாட்டர்மேன் நிறுவனமே சி/எஃப் என்ற பேனாவில் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. கடையில் இன்று நீங்கள் வாங்கும் கார்ட்ரிட்ஜ் எல்லாம் பிளாஸ்டிக்தான்.

பழைய பேனா சேகரிப்பவர்களிடம் மட்டும் கண்ணாடிக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளே மை காய்ந்து கறுத்துக் கிடக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஊசி இல்லாத சிரிஞ்சால் புது மையை விடுவார்கள். அதே காலத்துப் பேனாவின் ரப்பர் பையைத் திறந்தால் உள்ளே தூள்தான் இருக்கும். 'உடைந்துவிடும்' என்று பயந்த கண்ணாடியோ, கழுவியதும் மறுபடி எழுதத் தயார்!